ஓட்டல் பில்லும் கள்ளுக்கடையும்: ஒரு தர்மபுரிக் கதை

தமிழ்நாட்டுல "ஒயின் ஷாப்"னு பேர் வச்ச கடையில எல்லாமே கிடைக்கும், ஒயினைத் தவிர. :-) 2003-க்கு முன்னாடி தனியார் கையில சில்லறைக் கடை இருந்த காலத்தில் "இன்னார் ஒயின்ஸ்"னு பெயின்ட்ல எழுதின போர்டைப் பார்க்காத ஊர் கிடையாது. உள்ளே போனா பிராந்தி, ரம், விஸ்கி, பீர். திராட்சையில் செஞ்ச ஒயின் வேணும்னு கேட்டா கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அரசாங்கம் கடையைத் தன் கையில எடுத்து போர்டில் டாஸ்மாக்னு எழுதின பிறகும், எங்க ஊர்ப் பெரிசுங்க வாயில அது இன்னமும் "ஒயின் ஷாப்பு"தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பார் வசதி உள்ள பெரிய ஓட்டல் ஒண்ணுல நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுறீங்கன்னு வச்சுக்குவோம். ரெண்டு பேர் குடிக்கிறாங்க, ரெண்டு பேர் வெறும் பரோட்டா, சிக்கன். கடைசியில பில் வரும்போது பாருங்க. சாப்பாட்டுக்கு ஒரு வரி, சரக்குக்கு வேற ஒரு வரி. சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி, சரக்குக்கு வாட். ஒரே மேஜை, ஒரே சர்வர், ஆனா ரெண்டு வரி. ஏன் இப்படின்னு யாரும் கேக்கறதில்ல. காசைக் கொடுத்துட்டு பீடாவைப் போட்டுட்டு வந்துடறோம்.

இந்த ரெண்டு வரிக்கும் மூலக் கதை எங்க மாவட்டத்தில் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க மக்களே.

கள்ளும் கறியும் கொடுத்த ராசா

தர்மபுரியின் பழைய பேர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியோட ஊர். அவர் பேரைச் சொன்னதும் நமக்கு நெல்லிக்கனிதான் ஞாபகம் வரும். பாடப்புத்தகத்தில் அவ்வளவுதான் போட்டிருந்தாங்க. பாடப்புத்தகம் போடாம விட்ட ஒண்ணு, அந்த நட்பில் இருந்த கள்.

அதியமான் போரில் செத்த பிறகு ஒளவையார் பாடின கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் இருக்கு. அதில் ஒளவையார் முதலில் நினைச்சுப் பாக்கிறது அவனோட வீரத்தையோ படையையோ இல்லை. கொஞ்சமா கள் இருந்தா அதை எங்களுக்கே கொடுத்துடுவான், நிறைய இருந்தா நாங்க குடிச்சுப் பாட அவனும் கூட உட்கார்ந்து குடிப்பான்னுதான் ஆரம்பிக்கிறார். அப்புறம் சோறு. அப்புறம் எலும்போடு சேர்ந்த கறி எங்கே கிடைச்சாலும் அதை எங்களுக்கே கொடுத்துடுவான்னு வருது. ஒரு அரசனோட பெருமையைச் சொல்ல ஒரு பெண் புலவர் எடுத்த அளவுகோல் இது. கொஞ்சமா இருக்கும்போது யாருக்குக் கொடுத்தான்? அதுதான் கேள்வி.

ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தகடூர்ச் சாப்பாட்டு மேஜையை (மேஜை ஏது, பாய்தான்) இதைவிடத் துல்லியமா காட்ட முடியாது. ஆணும் பெண்ணும் ஒண்ணா உட்கார்ந்து கள்ளும் கறியும் சாப்பிட்டிருக்காங்க. அதில் யாருக்கும் கூச்சம் இல்லை. அதியமான் கற்பனை ஆளும் இல்லை. 1981-ல் ஜம்பை கிராமத்தில் கண்டுபிடிச்ச தமிழ் பிராமிக் கல்வெட்டில் அவர் பேர் அப்படியே இருக்கு. அசோகரின் கல்வெட்டு சொல்ற "சதியபுத்திரர்" யாருங்கிற நீண்ட நாள் கேள்விக்கும் அந்தக் கல்லுதான் பதில் சொல்லிச்சு.

இன்னொரு சமாச்சாரம். கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தவங்க அதியமானோட முன்னோர்னு ஒளவையாரின் இன்னொரு புறநானூற்றுப் பாட்டு சொல்லுது. இந்தக் கரும்பை ஒரு ஓரமா ஞாபகம் வச்சுக்குங்க. கடைசியில வேலை இருக்கு.

உள்ளூர்ச் சரக்கும் சீமைச் சரக்கும்

அந்தக் காலத்தில் குடிச்சது பனங்கள், தென்னங்கள் மட்டும் இல்லை. மலைக்காரங்க தேனில் செஞ்ச கள்ளை மூங்கில் குழாயில் ஊத்தி வச்சு முதிர விட்டாங்க. அரிசியிலும் கள் செஞ்சாங்க. பெரும்பாணாற்றுப்படையில் அதுக்குச் செய்முறையே இருக்கு. அரிசியைக் குழைய வேக வச்சு, வாய் அகன்ற தட்டில் ஆற விட்டு, அதில் நொதிக்க வைக்கிற அடையைக் கலந்து, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி சாடியில் வச்சு எடுக்கணும். இதைப் படிச்சா இன்னைக்கு பீர் காய்ச்சுறவங்களுக்கு ஒண்ணும் புதுசா இருக்காது.

நிஜமான ஒயினும் அப்பவே வந்திருக்கு. யவனர் கொண்டு வந்த வாசனையான தேறலைப் பொன் கிண்ணத்தில் பெண்கள் ஊத்திக் கொடுக்கப் பாண்டியன் குடிக்கிறதை நக்கீரர் பாடியிருக்கார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டைத் தோண்டினப்போ, ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளோட ஓடுகள் கிடைச்சது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதின பெரிப்ளூஸ், முசிறிக்கு இறக்குமதியாகிற சாமான் பட்டியல் தருது. அதில் ஒயினும் உண்டு, ஆனா கூடவே "அதிகம் இல்லை"ன்னு ஒரு குறிப்பும் உண்டு. :-)

அதாவது அப்பவும் ஒயின் அரண்மனைச் சமாச்சாரம். ஊர் குடிச்சது உள்ளூர்க் கள். இன்னைக்கு பெங்களூரு, சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர்னு பெரிய ஊர்ல உயரமான கண்ணாடி கிளாஸை விரல் நுனியில் பிடிச்சு ஒயின் குடிக்கிறதும், தகடூர்க்காரன் தட்டுக்கடை ஓரமா குவார்ட்டர் உடைக்கிறதும் ரெண்டாயிரம் வருஷத்துப் பழைய பாகப்பிரிவினைதான்.

மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம்

1792-ல் திப்பு சுல்தானோட போட்ட ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்தில் பாரமகால் கும்பினி கைக்குப் போச்சு. பாரமகால்னா இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி சுத்துவட்டாரம். அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் இங்கே வந்து நிலத்தை அளந்து வரி போட்டாங்க. ரயத்துவாரி முறைக்கு இங்கதான் விதை போட்டது. மன்றோ தர்மபுரியில வருஷக்கணக்கில் தங்கியிருந்தார்.

நிலத்துக்கு வரி போட்டவன் கள்ளை விடுவானா? 1886-ல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. கள் இறக்குற மரத்துக்கு வரி, கள்ளுக்கடைக்கும் சாராயக்கடைக்கும் ஏலம். யார் அதிகம் கேக்கறாங்களோ அவங்களுக்குக் கடை. ஏலம் எடுத்தவன் போட்ட காசை எடுக்கணும்னா ஜனங்க அதிகமா குடிக்கணும். நில வரிக்கு அடுத்து சென்னை மாகாண சர்க்காருக்குப் பெரிய வருமானம் இதுதான்னு ஆச்சு.

அதியமான் கொஞ்சமா இருந்த கள்ளைக் கொடுத்தார். வெள்ளைக்காரன் நிறைய ஊத்திக் கொடுத்துக் காசு வாங்கினான்.

தேசிய இயக்கம் கள்ளுக்கடையைக் கையில் எடுத்ததுக்கு இதுதான் காரணம். குடி கெட்டதுங்கிறது ஒரு பக்கம். குடிக்கிற ஒவ்வொரு மொந்தையிலும் வெள்ளைக்காரன் கஜானாவுக்குப் பங்கு போகுதுங்கிறது இன்னொரு பக்கம். 1920-களின் தொடக்கத்தில் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரோட மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னாடி நின்னாங்க. சேலம் பக்கம் தன் தோப்பில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களைப் பெரியார் வெட்டிச் சாய்ச்சார். திருச்செங்கோடு பக்கத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கின ராஜாஜி, 1929-ல் "விமோசனம்"னு மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்குத் துணையா இருந்தவர் கல்கி.

பின்னாளில் எதிரும் புதிருமா நின்ன பெரியாரும் ராஜாஜியும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்னு வேலை பாத்திருக்காங்க.

1937 அக்டோபர் 1

ராஜாஜி பிறந்தது ஓசூர் பக்கம் தொரப்பள்ளி. அப்போ அது சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிஞ்சப்போ எங்க பக்கம் வந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதும் அங்கே போயிடுச்சு. ஆக நாப்பது வருஷம் ராஜாஜி எங்க மாவட்டத்துக்காரர். இதை நாங்க விட்டுத்தர மாட்டோம்.

1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார் (அப்போ முதல்வரை அப்படித்தான் சொல்லுவாங்க). மதுவிலக்குச் சட்டம் போட்டார். மாகாணம் முழுக்க ஒரே நாளில் மூடினா கஜானா தாங்காது. அதனால ஒரு மாவட்டத்தில் ஆரம்பிக்கலாம்னு முடிவாச்சு. எந்த மாவட்டம்? சொந்த மாவட்டம். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடப்பட்டது. தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் தாலுகா எல்லாம் அதுக்குள்ள அடக்கம். 1938-ல் சித்தூரும் கடப்பாவும் சேர்ந்தது. 1939-ல் வட ஆற்காடு.

மூடினா மட்டும் போதாதுன்னு சர்க்காருக்குத் தெரிஞ்சிருந்தது. சாயங்காலம் ஆனா கள்ளுக்கடைக்குப் போய்ப் பழகின காலு வேற எங்கே போகும்? அதனால பஜனை, விளையாட்டுன்னு ஏற்பாடு பண்ணினாங்க. டீக்கடைகள் பெருகுச்சு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே.தாமஸ் சேலம் மாவட்டத்துக்கு வந்து, குடியை விட்ட குடும்பங்களோட வரவு செலவு என்ன ஆச்சுன்னு ஆராய்ஞ்சு எழுதினார். கள்ளுக்குப் போன காசு சாப்பாட்டுக்கும் துணிக்கும் திரும்பினதை அது பதிவு பண்ணுச்சு.

இன்னைக்கு நம்ம ரோட்டோரத்தில் பாய்லரும் பென்ச்சும் தினத்தந்தியுமா இருக்கிற டீக்கடைக்கு இது மட்டுமே காரணம்னு சொன்னா அது கப்சா. டீக்கு வேற வரலாறும் இருக்கு. ஆனா எங்க பக்கத்துக் கிராமங்களில் சாயங்காலம் ஆம்பளைங்க கூடற இடம் கள்ளுக்கடையிலிருந்து டீக்கடைக்கு மாறினதுல இந்த ரெண்டு வருஷத்துக்குப் பங்கு உண்டு.

எல்லாருக்கும் இது விடியல் இல்லைங்கிறதையும் சொல்லணும். எங்க பாட்டியோட அப்பா ஈச்சமரத்தில் கள் இறக்கினவர். எங்க பக்கம் பனை, தென்னையோட ஈச்சையும் நிறைய. பாட்டி எதைச் சொன்னாலும் "கடை மூடின வருசம்"னு கணக்கு வச்சுத்தான் சொல்லும். "கடை மூடின வருசந்தான் எங்கண்ணன் மாடு மேய்க்கப் போச்சு", "கடை மூடின வருசம் எங்கம்மா தோட்டை வித்துது" இப்படி. ஊர்ல நாலு வீட்டில் அடுப்பு ஒழுங்கா எரிய ஆரம்பிச்ச அதே வருஷம் பாட்டி வீட்டில் அடுப்பு அணைஞ்சுது. கள் இறக்கினவங்களை வெல்லம் காய்ச்சச் சொன்னாங்க, கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கச் சொன்னாங்க. பாட்டியோட அப்பாவும் கொஞ்ச நாள் காய்ச்சிப் பாத்தார். விறகுக்கே கட்டலைன்னு விட்டுட்டுக் கூலிக்குப் போயிட்டார். பாட்டி ராஜாஜியைத் திட்டி நான் கேட்டதில்லை. வாழ்த்தியும் கேட்டதில்லை.

இன்னொரு தலைவலி, எல்லை. அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம். அங்கே கடை திறந்தே இருந்தது. ஓசூர்க்காரனுக்கு நாலு எட்டு நடந்தா அடுத்த ராஜ்ஜியம். அப்புறம் என்ன நடந்திருக்கும்னு நான் சொல்லணுமா?

பில்லில் வந்த வரி

இப்ப மெயின் மேட்டர். கடையை மூடினா வருமானம் போச்சு. மாகாணம் முழுக்க மூடினா பெரிய ஓட்டை. எப்படி அடைக்கிறது? ராஜாஜி 1939-ல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டு வந்தார். ஏதோ ஒரு சாமானுக்கு மட்டும்னு இல்லாம, பொதுவா வியாபாரத்தின் மேலேயே வரி போட்ட இந்தியாவின் முதல் சட்டம் இதுதான். வரி விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கம்மி. அதுக்கே வியாபாரிகள் கொதிச்சாங்க.

கணக்கு என்னன்னா, குடிக்கிற ஏழைகிட்ட வாங்கின காசை இனிமே சாமான் வாங்குற எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கலாம். ஒருத்தன் குடும்பத்தை அழிச்சு வர்ற பணத்தில் பள்ளிக்கூடம் நடத்தாதே, எல்லாரும் ஆளுக்குக் காலணா போட்டு நடத்துங்க. என்னைக் கேட்டா இந்தியாவில் போட்ட வரிகளிலேயே இவ்வளவு சுத்தமான நோக்கத்தோட பிறந்த வரி வேற இல்லை. சேலம் மாவட்டத்துக் கள்ளுக்கடையை மூட ஆரம்பிச்ச முயற்சியில் பிறந்த குழந்தைதான் விற்பனை வரி.

அப்புறம் எல்லா மாகாணமும் இதைக் காப்பி அடிச்சது. மதுவிலக்கைக் காப்பி அடிக்காதவங்களும் வரியை மட்டும் அடிச்சாங்க. :-)

ஓட்டல் சாப்பாட்டுக்கு இந்த வரி உண்டாங்கிறதில் பெரிய சண்டையே நடந்திருக்கு. ஓட்டல்காரர் இட்லியை "விக்கிறாரா", இல்லை உட்கார வச்சு "பரிமாறுறாரா"? 1978-ல் நார்தர்ன் இந்தியா கேட்டரர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுறது விற்பனை இல்லை, அதனால விற்பனை வரி போட முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. மாநிலங்களுக்கு வயித்தில் புளி. 1982-ல் அரசியல் சட்டத்தை 46-ஆவது தடவையா திருத்தி, சாப்பாடு பரிமாறுறதும் விற்பனைக் கணக்குத்தான்னு எழுத வேண்டியதாச்சு. ஒரு தட்டு இட்லிக்காக அரசியல் சட்டத்தையே திருத்தின நாடு நம்ம நாடு!

கடல் தாண்டியும் விடாத கள்

இதே காலத்தில் நம்ம ஜனங்க மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கிட்டிருந்தாங்க. அங்கேயும் தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை. சம்பளம் கொடுக்கிறவன் தோட்டத்திலேயே கடை இருந்தா காசு எங்கே போகும்? 1941-ல் கோலாலம்பூர் பக்கம் கிள்ளான் வட்டாரத்தில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செஞ்சாங்க. கூலி உயர்வு, துரையைக் கண்டா சைக்கிளை விட்டு இறங்கணும்ங்கிற அவமானம் ஒழியணும்கிறதோட, தோட்டத்தில் கள்ளுக்கடையை மூடணும்கிறதும் அவங்க கோரிக்கை. குடிக்கிற ஆளுங்களே கடையை மூடுன்னு கேட்டாங்க. பட்டாளத்தை வச்சு அதை அடக்கினாங்க. உயிர்களும் போச்சு.

இன்னைக்குக் கோலாலம்பூரில் நாப்பதாவது மாடியில் உட்கார்ந்து ஒயின் குடிக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தெரியுமோ என்னமோ. தெரிஞ்சிக்கிட்டு குடிச்சா ஒண்ணும் குறைஞ்சிடாது.

திறப்பதும் மூடுவதும்

1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா. உலகப்போர் நடுவில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வச்சது. விற்பனை வரியை மட்டும் நிறுத்தலை, கவனிச்சீங்களா? மறுபடி 1946-லிருந்து கட்டம் கட்டமா மூடி, ஓமந்தூரார் காலத்தில் 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. வேணுங்கிறவங்களுக்குப் பெர்மிட். பெரிய ஓட்டல்களில் "பெர்மிட் ரூம்". அப்பவும் பாருங்க, பணக்காரனுக்குச் சீட்டு, ஏழைக்குப் போலீஸ்.

1971-ல் கருணாநிதி ஆட்சி மதுவிலக்கைத் தள்ளி வச்சுக் கள், சாராயக் கடைகளைத் திறந்தது. அப்போ ராஜாஜிக்குத் தொண்ணூறு தாண்டிடுச்சு. வேண்டாம்னு சொன்னார். நடக்கலை. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துட்டார். 1973-ல் கள்ளுக்கடையையும் 1974-ல் சாராயக்கடையையும் அதே ஆட்சி மூடுச்சு. 1981-ல் எம்ஜிஆர் ஆட்சி திறந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம். 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் மறுபடி தடை. 1990-ல் மலிவு விலை மது, 1991-ல் ஜெயலலிதா வந்து அதுக்குத் தடை. 2003-ல் அதே ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. எந்தக் கட்சியையும் தனியா கை காட்ட வழியில்லாத வரலாறு இது.

இதில் ஒரு விஷயம் உறுத்தும். கடைசியா மூடினதில் கள் திரும்பி வரவே இல்லை. மரத்திலிருந்து வர்ற லேசான சரக்குக்குத் தடை, ஆலையிலிருந்து வர்ற காட்டமான சரக்குக்கு அரசாங்கமே கடை. அந்த ஆலைச் சரக்கு என்னன்னு பாத்தா, நிஜ பிராந்தி திராட்சையில் வரணும், விஸ்கி தானியத்தில் வரணும். நம்ம கடைச் சரக்கு பெரும்பாலும் சர்க்கரை ஆலையில் கழிவா வர்ற மொலாசஸில் வடிச்ச ஸ்பிரிட்டில் நிறமும் வாசனையும் சேர்த்தது. இப்ப தானிய ஸ்பிரிட்டும் கலக்குறாங்க.

கரும்பை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே. பாலக்கோட்டில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, அரூர்ப் பக்கம் கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா பேரில் இன்னொண்ணு. அதியமான் முன்னோர் கொண்டு வந்த கரும்பு அவர் மண்ணில் இன்னமும் விளையுது. ஆனா அந்தக் கரும்பு கடைசியில எந்த பாட்டிலில் போய் நிக்குதுங்கிறதை ஒளவையார் பாத்தா என்ன பாடியிருப்பாரோ.

ஒரே மேஜை, ரெண்டு வரி

2007-ல் பழைய விற்பனை வரிச் சட்டம் போய் வாட் வந்தது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்து வாட்டையும் விழுங்கிடுச்சு. அரிசி, சோப்பு, ஓட்டல் சாப்பாடு எல்லாம் ஜிஎஸ்டிக்குள். ஆனா குடிக்கிற மதுவை மட்டும் அதில் சேர்க்கலை. அரசியல் சட்டத்திலேயே அதுக்கு விலக்கு. பெட்ரோல், டீசல் மாதிரி நாலஞ்சு சாமானும் மதுவும் மட்டும் மாநிலத்தோட பழைய விற்பனை வரியின் கீழே நின்னுடுச்சு. அதனாலதான் சாப்பாட்டுக்கு ஒரு வரி, சரக்குக்கு ஒரு வரி.

யோசிச்சுப் பாருங்க. கள்ளுக்கடையை மூடுறதுக்காகப் பிறந்த வரி. எண்பது வருஷம் கழிச்சு அது எல்லா இடத்தையும் விட்டுட்டு வந்து கடைசியா ஒண்டியிருக்கிற இடம் சாராயக் கடை! 2022-23 நிதியாண்டில் தமிழக அரசுக்கு மதுவால் வந்த வரி வருமானம் 44,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் கலால் வரி ஏறக்குறைய கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் இந்த விற்பனை வரி. எந்த ஓட்டையை அடைக்க அதைப் போட்டாங்களோ, அந்த ஓட்டைக்குள்ளேயே அது போய் உட்கார்ந்துக்கிச்சு.

அப்போ நாளைக்கே மூடிடலாமா? அவ்வளவு சுலபம்னு நான் சொல்லலை. 2008-ல் கர்நாடகத்திலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விஷச் சாராயம் குடிச்சு நூத்துக்கும் மேல செத்தாங்க. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல. கடை திறந்திருக்கும்போதே இது. கடை விலை கட்டுப்படி ஆகாதவன் பாக்கெட்டைத் தேடிப் போனான். மூடினாலும் சாவு, திறந்தாலும் சாவுங்கிற இடத்தில் நிக்கிறோம்.

எனக்கு ராஜாஜியின் மதுவிலக்கைவிட அந்த வரிக் கணக்குதான் முக்கியமாப் படுது. மூடறதுக்கு முன்னாடி, மூடினா வர்ற நஷ்டத்தை யார் சுமக்கிறதுன்னு ஒரு பதில் வச்சிருந்தார். நாம எல்லாரும் சேர்ந்து சுமப்போம்ங்கிறதுதான் அந்தப் பதில். அதில் பாட்டியோட அப்பா மாதிரி ஆளுங்களுக்குப் பங்கு சரியா போய்ச் சேரலை, அது குறைதான். ஆனா கேள்வியையாவது நேரா கேட்டாங்க. இன்னைக்கு மதுவிலக்கு பேசுற மேடையில் அந்த 44,000 கோடிக்கு வழி சொல்றவங்க யாருமில்லை. மதுவை ஆதரிச்சுப் பேசுறவங்களும், அந்தப் பணம் யார் வீட்டு அடுப்பிலிருந்து வருதுன்னு சொல்றதில்லை.

எங்க தெருவில் ஒரு கொத்தனார் இருந்தார். சனிக்கிழமை சம்பளம் வாங்கினா பாதி டாஸ்மாக்கில். மீதியில்தான் அவர் சம்சாரம் வாரம் பூரா குடும்பம் நடத்தும். அந்தம்மா மளிகைக் கடையில் வாங்குற சோப்புக்கும் எண்ணெய்க்கும் வரி கட்டும். புருஷன் குவார்ட்டருக்கு வரி கட்டுவார். சனிக்கிழமை ராத்திரி ஒரே வீட்டில் ரெண்டு பேரும் அரசாங்கத்தைத் தூக்கி நிறுத்திட்டு, ஞாயித்துக்கிழமை காலையில அந்தம்மா எங்க வீட்டுக்கு அரைப்படி அரிசி கடன் கேட்டு வரும்.

கொஞ்சமா இருக்கும்போது யாருக்குக் கொடுக்கிறான்கிறதை வச்சுத்தான் ஒளவையார் அரசனை அளந்தார். இன்னைக்கு அரசனை அளக்க ஆசைப்பட்டா, கொஞ்சமா இருக்கிறவன்கிட்டேயிருந்து எவ்வளவு வாங்குறான்னு பாக்கணும். அடுத்த தடவை ஓட்டல்ல பில் வந்தா, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு வரிகளையும் ஒரு தரம் படிச்சுப் பாருங்க.

டிஸ்கி: ஒகேனக்கல் வந்தா மீன் வறுவல் சாப்பிடாம போகாதீங்க. ஆத்தோரம் அம்மாக்கள் கண்ணு முன்னாடியே மசாலா தடவிப் பொரிச்சுத் தருவாங்க. கூடக் குடிக்க எலுமிச்சை சோடா போதும். :-)